அணைக்கு மேலே என்ன இருக்கிறது? நீர்ப்பிடிப்புப் பகுதி பற்றி ஒரு எளிய விளக்கம்

கேரளத்தில் 44 ஆறுகள். அவற்றில் 41 மேற்கே போகின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றும்தான் கிழக்கே திரும்புகின்றன. அதிலும் பவானியின் போக்கு தனி ரகம். நீலகிரியின் மேற்கு மூலையில் பிறந்து, சைலன்ட் வேலியின் ஓரமாகக் கேரளத்துக்குள் இறங்கி, முக்காலியில் சட்டென்று வடகிழக்காக வளைந்து, பாலக்காட்டு மாவட்டத்து மலைப்பகுதியான அட்டப்பாடியைக் கடந்து மறுபடியும் தமிழ்நாட்டுக்கே வந்துவிடுகிறது. வந்ததும் பில்லூர் அணை. கோவை, திருப்பூர் பக்கத்துக் குடிநீரில் பெரும்பங்கு அந்த வழியில்தான் போகிறது.

சிறுவாணி அணையும் இதே பாலக்காட்டு மாவட்டத்து மலையில்தான் இருக்கிறது. 1973ல் இரண்டு மாநிலங்களும் போட்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 1.3 டிஎம்சி தண்ணீர் கோவைக்கு. இப்போதுள்ள அணை 1984ல் முடிந்தது. ஒரு டிஎம்சி என்பது சுமார் 2,831 கோடி லிட்டர். 1.3 டிஎம்சியை 365 நாளுக்குப் பங்கிட்டால் தினமும் ஏறத்தாழ 10 கோடி லிட்டர் வரும். ஒரு மலைக்காடு ஒரு நகரத்துக்கு இவ்வளவு தண்ணீரைத் தருகிறது.

எல்லையில் இருக்கும் நமக்கு ஆற்றைப் பற்றிய பேச்சு என்றாலே டிஎம்சிதான். 2017ல் அட்டப்பாடி தேக்குவட்டையில் பவானியின் குறுக்கே தடுப்பணை கட்டத் தொடங்கியபோது கொங்குப் பகுதியே கொதித்தது. எவ்வளவு வரும், யாருக்கு, எப்போது என்பதெல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்தத் தண்ணீர் எந்த நிலத்தின்மீது விழுந்து, எதையெல்லாம் தொட்டுக்கொண்டு வருகிறது என்று கேட்கிற ஆள் மிகக் குறைவு. குடிக்கிற தண்ணீரைக் காப்பாற்றுவது என்றால் முதலில் அந்த நிலத்தைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்று பெயர்.

ஓட்டு வீட்டின் முகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகட்டுக்கு இந்தப் பக்கம் விழும் மழை முன்வாசலுக்கும், அந்தப் பக்கம் விழுவது கொல்லைக்கும் போகும். மலையிலும் இதேதான் நடக்கிறது. ஒரு மேட்டுவரிசையின் முகட்டிலிருந்து கீழே, ஒரு குறிப்பிட்ட ஓடைக்கோ ஆற்றுக்கோ அணைக்கோ தண்ணீரை அனுப்புகிற சரிவு முழுவதும் அந்த அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி. காடு, தோட்டம், ரோடு, ரிசார்ட், வீட்டு முற்றம், கக்கூஸ் குழி, கோழிப்பண்ணை எல்லாம் அதற்குள் அடக்கம். சொத்துப் பத்திரத்தில் எல்லை எங்கே இருந்தாலும், மாநில எல்லை எங்கே போனாலும், தண்ணீருக்கு முகடு ஒன்றுதான் எல்லை.

ஆனைகட்டியில் இதை நேரிலேயே பார்க்கலாம். கொடுங்கரைப்பள்ளம் என்ற ஓடைக்கு இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை கேரளம். இரண்டு கரையிலும் ஆனைகட்டிதான், இரண்டு கரையிலும் தமிழ் பேசுகிறவர்கள்தான். இரண்டு பக்கத்துச் சரிவும் ஒரே பள்ளத்தில் இறங்குகின்றன. அந்தப் பள்ளம் பவானிக்குப் போகிறது, பவானி பில்லூருக்குப் போகிறது. கேரளப் பக்கம் கொட்டிய குப்பையா, தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டியதா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர் தண்ணீர். அட்டப்பாடியின் மேற்குப் பக்கம், முக்காலியை ஒட்டி, ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். கிழக்கே ஆனைகட்டிப் பக்கம் வந்தால் மலைமறைவுப் பிரதேசம், 1,000 மில்லிமீட்டர்கூடத் தேறாது. இரண்டுக்கும் இடையே பஸ்ஸில் சில மணி நேரப் பயணம்தான். மழை கொட்டுகிற மேற்கே காடு நின்றால் தண்ணீர் வரும். மழை குறைந்த கிழக்கே பெய்த கொஞ்சத்தையும் பிடித்து நிறுத்தினால்தான் பள்ளத்தில் ஈரம் இருக்கும்.

சரி, விழுந்த மழைக்கு என்ன ஆகிறது?

காட்டில் விழும் துளி முதலில் இலையில் மோதுகிறது. அங்கிருந்து கீழே உள்ள சருகில் சொட்டுகிறது. சருகுக்குக் கீழே மக்கு, வேர், மண்புழு துளைத்த ஓட்டைகள். அந்த மண்ணுக்குள் தண்ணீர் இறங்க இடம் இருக்கிறது. இறங்கிய தண்ணீர் பாறை இடுக்குகளில் மெதுவாக நகர்ந்து, பல வாரம், சில இடங்களில் பல மாதம் கழித்து, கீழே எங்கோ ஊத்தாக வெளியே வருகிறது. மழையே இல்லாத பிப்ரவரியிலும் பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிறதென்றால் அது ஜூலையில் பெய்த மழை.

மொட்டைச் சரிவில் கதை வேறு. துளி நேராக மண்ணை அடிக்கிறது. மண் துகள்கள் சிதறி, நுண்ணிய துவாரங்களை அடைத்துக்கொள்கின்றன. மேலே ஒரு மெல்லிய ஏடு கட்டிவிடும். அதற்கப்புறம் தண்ணீர் உள்ளே போகாது, மேலாகவே ஓடும். ஓடும்போது மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். சரிவு அதிகமானால் வேகம் அதிகம், வேகம் அதிகமானால் அள்ளும் மண்ணும் அதிகம். மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் வறட்சி என்று இரண்டையும் ஒரே சரிவு தருவதற்குக் காரணம் இதுதான்.

போகிற மண் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மேல்மண் மட்டும் போனால், சுமார் நான்கு கன மீட்டர், ஐந்து டன் எடை. ஒரு சின்ன டிப்பர் லோடு. தோட்டக்காரர் கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் தெரியவே தெரியாது. ஆனால் அது அணையில் போய்ப் படியும்போது 4,000 லிட்டர் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்கிறது. கிராமக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு ஒரு நாளுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். அதன்படி எழுபதுக்கும் மேற்பட்டவர்களின் ஒரு நாள் தண்ணீர். ஒரே ஒரு ஏக்கர், ஒரே ஒரு மில்லிமீட்டர். அந்த இடம் ஒவ்வொரு ஆண்டும் இல்லாமல் போகிறது, ஏனென்றால் படிந்த வண்டல் தானாக எழுந்து போகாது.

பில்லூர் அணையில் இதைப் பார்க்கலாம். 1960களில் மின்சாரத்துக்காகக் கட்டிய அணை, முழு நீர்மட்டம் 100 அடி. நீலகிரிச் சரிவுகளிலிருந்து வரும் ஆறுகளும் பவானியும் கொண்டுவந்த வண்டல் அதன் கொள்ளளவில் கணிசமான பங்கை விழுங்கிவிட்டது. அணை நிரம்பிவிட்டது என்று செய்தி வரும்போது, நிரம்பியிருப்பது முழுக்கத் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தூர்வாரலாமே என்பார்கள். மலைக்கு நடுவில், குடிநீரும் மின்சாரமும் எடுத்துக்கொண்டிருக்கிற அணையில், லட்சக்கணக்கான லோடு சேற்றை அள்ளி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மேலே சரிவை அப்படியே விட்டுவிட்டுக் கீழே தூர்வாருவது முடிவே இல்லாத வேலை.

சிறுவாணி இதற்கு நேர்மாறு. அணைக்கு மேலே உள்ள சரிவு பெரும்பாலும் காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ருசிக்குப் பின்னால் இருப்பது இந்தக் காடுதான். நகரத்தில் என்ன பெரிய ஆலை கட்டினாலும் அந்தத் தண்ணீரைத் தயாரிக்க முடியாது.

ஆனால் ஒன்று. எல்லா நீர்ப்பிடிப்புப் பகுதியையும் சிறுவாணிபோலப் பூட்டிவைக்க முடியாது. பவானிக்கு மேலே அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று பஞ்சாயத்து மக்கள் வாழ்கிறார்கள். இருளர், முதுகர், குறும்பர் ஊர்கள் நாம் யாரும் வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கின்றன. மக்களை வெளியேற்றித் தண்ணீரைக் காப்பாற்றுவது என்று யாராவது பேசினால் அது அநியாயம். இந்த மலையை அவர்கள் மொட்டையாக்கவில்லை. 1951ல் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். இன்று பாதிக்கும் குறைவு. நடுவில் மரம் வெட்ட வந்தவர்கள், நிலம் தேடிக் கேரளச் சமவெளியிலிருந்து வந்தவர்கள், தமிழ்நாட்டுப் பக்கமிருந்து போன நம் ஆட்கள் எல்லோரும் சேர்ந்துதான் கிழக்குச் சரிவுகளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தோம்.

இருளர் பயிர் செய்யும் முறையை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். ராகி, சாமை, துவரை, அவரை, கீரை எல்லாம் ஒரே நிலத்தில் கலந்து நிற்கும். ஒன்று அறுவடைக்கு வரும்போது இன்னொன்று பச்சையாக இருக்கும். துவரைச் செடி வேரை ஆழமாக இறக்கி மாதக்கணக்கில் நிற்கும். அதனால் மழைக்காலம் முழுவதும் மண்ணின்மீது ஏதோ ஒரு இலை விரிந்தே இருக்கிறது. அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல விஷயம். அதே சரிவில் மேலிருந்து கீழாக உழுது, மரவள்ளி நட்டு, கிழங்கு பிடுங்கும்போது மண்ணையும் கிளறிவிடுகிற வயலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நல்ல மழைக்குப் பிறகு இரண்டு வயலின் கீழ்மூலையிலும் தேங்கிய தண்ணீரின் நிறமே வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

கெட்ட சரிவைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா? ஓரளவுக்கு முடியும் என்பதற்கும் அட்டப்பாடியே சாட்சி. 1996ல் ஜப்பான் கடனுதவியோடு அஹாட்ஸ் என்று எல்லோரும் சொல்லும் அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம் ஒரு பெரிய வேலையை எடுத்தது. மொட்டை மேடுகளில் மரக்கன்று, சரிவுக்குக் குறுக்கே சமமட்ட வரப்பு, ஓடைகளில் கல்லடுக்கு, சிறு தடுப்பணை. வேலையை நடத்த ஒவ்வொரு ஊரிலும் ஊர்க்குழு அமைத்து, அந்த மக்களையே முன்னால் நிறுத்தினார்கள். வறண்டு கிடந்த கொடுங்கரைப்பள்ளத்தில் மறுபடி தண்ணீர் ஓடத் தொடங்கியது அப்போதுதான். திட்டம் முடிந்த பிறகு பராமரிப்பு தளர்ந்தது எனக்கு வருத்தம். கல்லடுக்கு ஒரு மழையில் சரிந்தால் அடுத்த மழைக்குள் அடுக்கி வைக்க ஆள் வேண்டும். நட்ட மரத்தைக் கோடைக்காட்டுத்தீயிலிருந்து காக்க ஆள் வேண்டும். கடன் வாங்கி நட்டுவிட்டு, காவலுக்குப் பணம் ஒதுக்காமல் விடுவது எந்த ஊரிலும் நடக்கிற தவறு.

மண்ணைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. மண் தனியாக வருவதில்லை. சாணம், மனித மலம், உரம், பூச்சிமருந்து எல்லாம் அதனோடு ஒட்டிக்கொண்டுதான் இறங்குகின்றன.

முதல் மழை முடிந்ததும் பள்ளத்துத் தண்ணீரை ஒரு வெள்ளைப் பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். பிடிக்கும்போது டீ நிறத்தில் இருக்கும். சில நிமிடத்தில் மணல் அடியில் இறங்கிவிடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதற்கு மேலே வண்டல் ஒரு வரியாகப் படியும். ஆனால் மறுநாள் காலையிலும் மேல்தண்ணீர் தெளிந்திருக்காது. பால் கலந்ததுபோல ஒரு மங்கல் நிற்கும். அது நுண்ணிய களிமண். அந்தத் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும், தானாகப் படிய நாட்கணக்கில் ஆகும். சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போடுவது இதற்காகத்தான். படிகாரம் அந்தத் துகள்களை ஒட்டவைத்துக் கட்டியாக்கிக் கீழே இறக்குகிறது. அப்புறம் மணல் வடிகட்டி. கடைசியாகக் குளோரின்.

இந்த முறை நல்ல முறைதான். ஆனால் அதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. கலங்கல் கூடினால் படிகாரம் கூட வேண்டும், வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அதைக் கழுவி எடுக்கும்வரை தண்ணீர் விடுவது குறையும். பலத்த மழையில் ஊரே வெள்ளத்தில் இருக்கும்போது குழாயில் தண்ணீர் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மங்கலான தண்ணீரில் கிருமிகள் துகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், குளோரின் அவற்றைத் தொடாது. மக்கிய இலை, சாணம் போன்றவை அதிகமாகக் கரைந்திருந்தால் குளோரின் அவற்றோடு சேர்ந்து வேறு சில வேதிப்பொருட்களையும் உண்டாக்கும், அவை உடம்புக்கு நல்லதல்ல. கால்நடைக் கழிவிலிருந்து வரும் சில ஒட்டுண்ணிகள் குளோரினுக்கு அசையவே அசையாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி கலங்கல் 1 அலகுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 5 வரை. 100 மில்லி தண்ணீரில் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

உரத்தின் கதை இன்னும் மோசம். யூரியாவிலிருந்து வரும் நைட்ரேட் சாதாரண சுத்திகரிப்பில் நீங்காது. கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகி நைட்ரேட்டின் அடர்த்தி கூடுமே தவிரக் குறையாது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனையே அது கெடுக்கும். பாஸ்பரஸ் மண்ணோடு ஒட்டி அணைக்குப் போய், அசையாத தண்ணீரில் பாசியை வளர்க்கிறது. தண்ணீர் பச்சையாகி, மண்வாடை அடிக்கும். சில வகை நீலப்பச்சைப் பாசி நச்சையும் விடும், அதுவும் கொதிக்கவைத்துப் போகிற நச்சல்ல. வீட்டில் எல்லோரும் சொல்கிற ‘நல்லா காய்ச்சிக் குடிச்சா போதும்’ கிருமிக்குச் சரி, இவற்றுக்குச் சரிவராது.

அப்படியானால் மேட்டில் வாழ்கிறவர்கள் என்ன செய்ய முடியும்? முதல் இடம் கக்கூஸ் குழிக்கு. நம் பக்கம் ‘செப்டிக் டேங்க்’ என்று சொல்லிக் கட்டும் பல குழிகளுக்கு அடித்தளமே கிடையாது, வெறும் உறைக்குழி. அதை ஓடைக்கரையில் தோண்டினால் மழைக்காலத்தில் நிலத்தடித் தண்ணீர் ஏறி, குழியும் ஓடையும் ஒன்றாகிவிடும். குடிநீர்க் கிணற்றிலிருந்து கழிவுக்குழி குறைந்தது 7.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது கேரளக் கட்டட விதி. சரிவான நிலத்தில் இன்னும் தள்ளி, கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வைப்பதுதான் புத்திசாலித்தனம். புதிதாக வீடோ ஹோம்ஸ்டேயோ கட்டுகிறவர்கள் டைல்ஸுக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை அடித்தளமும் இரண்டு அறையும் உள்ள நல்ல தொட்டிக்கு ஒதுக்கலாம்.

அடுத்தது கரை. ஓடையின் இரண்டு பக்கமும் சில மீட்டர் அகலத்துக்கு உழாமல், வெட்டாமல், எரிக்காமல் விட்டுவிட்டால் போதும். மூங்கில், நாணல், நீர்மருது தானாக வரும். வயலிலிருந்து ஓடிவரும் தண்ணீர் அந்தப் புதரில் வேகம் குறைந்து, மண்ணில் பெரும்பகுதியை அங்கேயே இறக்கிவிடும். நிலம் போகிறதே என்று தோன்றும். ஆனால் கரை உடைந்து வெள்ளத்தில் போகிற நிலத்தைவிட இது குறைவுதான். வயலுக்குள்ளே சரிவுக்குக் குறுக்கே உழுவது, வரப்பில் வெட்டிவேர் வைப்பது, மழைக்கு முன்னால் உரத்தைக் கொட்டாமல் இருப்பது எல்லாம் பெரிய செலவில்லாத காரியங்கள். நூறு நாள் வேலையில் வெட்டிய வாய்க்கால்களும் அடுக்கிய கல்வரப்புகளும் உங்கள் தோட்டத்துக்கு மேலே இருந்தால், மே மாதத்தில் ஒருமுறை போய் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளத்தில் லாரி கழுவுவது, கோழிக்கடைக் கழிவை மூட்டை கட்டிப் பாலத்திலிருந்து போடுவது, ராத்திரியில் டேங்கர் கொண்டுவந்து கக்கூஸ் கழிவைத் திறந்துவிடுவது இவை பற்றி விளக்கமே தேவையில்லை. ஓடையில் கழிவைக் கலப்பதை 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடைசெய்கிறது. வண்டி எண் தெரிகிற படம், இடம், நேரம் மூன்றும் இருந்தால் கேரளப் பக்கம் பஞ்சாயத்துச் செயலரிடமும் தமிழ்நாட்டுப் பக்கம் ஊராட்சியிலும் எழுதிக் கொடுங்கள், நகலை அந்தந்த மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள். பள்ளம் எல்லையாக இருக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் கொடுப்பதே நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் அடுத்த கரையைக் காட்டுவார்கள்.

உங்கள் ஊத்தோ கிணறோ சுத்தமா என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம்வரை போக வேண்டியதில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி கொடுத்துக் கருவிப்பெட்டியும் தரும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊரில் அது யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அதில் மலக்கிருமியைப் பார்க்கச் சின்னப் புட்டி ஒன்று வரும். கோடுவரை தண்ணீர் ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிலிருந்து இரண்டு நாள்வரை வைக்க வேண்டும். கறுத்துவிட்டால் மலம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். அப்புறம் ஊத்துக்கு மேலே ஏறிப்போய், எந்தக் குழியோ எந்தத் தொழுவமோ அதற்குள் வடிகிறது என்று தேடுங்கள். மழை தொடங்கிய வாரத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் சோதித்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்தால், பஞ்சாயத்தில் பேசப் போகும்போது கையில் ஆதாரம் இருக்கும்.